இனி இவருக்குப் பதில் இவர்

சின்னத்திரை கேள்வி - பதில்

இந்த இதழில் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள். பாதிக்கு மேல் மறைந்த சின்னத்திரை நடிகர்கள் சித்ராவையும் மாரிமுத்துவையும் பற்றியவை. மீதி, 'என் பிள்ளை சீரியலில் நடிக்கப் போகிறேன் என்கிறான், என்ன செய்வது' என்ற வகை. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க மனம் வரவில்லை. வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறோம்.

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் முல்லையாக வந்த சித்ரா இறந்து இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் தெருவில் அந்தப் பேர்தான். அவர் அதில் நடித்தது எவ்வளவு காலம்? அதற்குள் எப்படி இப்படி ஒட்டிக்கொண்டார்?
வாசகி, தேவிபட்டினம்

இரண்டு வருடம், இரண்டு மாதம். தொடர் விஜய் டி.வி.யில் 2018 அக்டோபரில் தொடங்கியது. சித்ரா இறந்தது 2020 டிசம்பர் 9, வயது 28. இடையில் ஊரடங்கால் படப்பிடிப்பு நின்றுபோன மாதங்களைக் கழித்தால், முல்லையாக அவர் கேமரா முன் நின்றது இரண்டு வருடத்துக்கும் குறைவுதான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு நீளமான பயிற்சிக் காலம் இருக்கிறது. அவர் பேருக்கு முன்னால் வரும் 'வி.ஜே.'வை இனிஷியல் என்றே பலர் நினைக்கிறார்கள். அது வீடியோ ஜாக்கி, அதாவது நிகழ்ச்சித் தொகுப்பாளர். மக்கள் தொலைக்காட்சியில் தொகுப்பாளராக ஆரம்பித்து, வேறு சேனல்களிலும் நிகழ்ச்சி நடத்தி, சில தொடர்களில் நடித்த பிறகுதான் முல்லை வந்தாள். நேயரிடம் போனில் பேசிக்கொண்டே, காதில் தயாரிப்பாளர் சொல்வதையும் கேட்டு, கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல் சிரிக்கிற வேலை அது. அதில் சில வருடம் தாக்குப்பிடித்தவர்களுக்குக் கேமரா பயம் போய்விடும்.

இன்னொன்று, கூட்டுக் குடும்பத் தொடரின் இலக்கணம். எட்டுப் பேர் நிற்கும் கூடத்தில் ஒருவர் ஒரு வசனம் சொன்னால், எட்டு முகத்துக்கும் தனித்தனியாக ரியாக்‌ஷன் ஷாட் எடுப்பார்கள். ஒவ்வொன்றும் மூன்று நான்கு விநாடி. வசனமே இல்லாமல் அந்த விநாடிகளை நிரப்பத் தெரிந்தவர்தான் வீட்டுக்குள் வருகிறார். ஜீவாவுக்குப் பேசிய பெண் அவன் தம்பி கதிருக்கு மனைவியாகி, பிடிக்காமல் நடந்த கல்யாணம் மெல்லப் பிரியமாக மாறுகிற கதை முல்லைக்கு. அதில் பேச்சைவிடப் பார்வைக்குத்தான் வேலை அதிகம். சித்ரா அதை அளவாகச் செய்தார். அவர் நடித்த 'கால்ஸ்' படம் 2021இல், அவர் இல்லாமல் வெளியானது.

அவர் மரணத்தைச் சுற்றிக் கிளம்பிய பேச்சுகளைக் கேட்டும் நான்கு கடிதம் வந்திருக்கிறது. அதற்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை.

முல்லைக்குச் சித்ராவுக்குப் பின் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒரு நடிகர் போன மறுநாளும் சீரியல் ஓடுகிறதே, எப்படி? மனசு வருமா?
வாசகர், கீழக்கரை

மனசு வராது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி அந்த நேரத்துக்கு ஏதாவது ஒன்று ஒளிபரப்பாகியே தீர வேண்டும். உள்ளே நடப்பது இதுதான்.

ஒவ்வொரு தொடரும் சில எபிசோடுகளை முன்கூட்டியே எடுத்துக் கையிருப்பு வைத்திருக்கும். திட்டமாக நடக்கும் கம்பெனியில் பத்து இருக்கலாம், சாதாரணமாக நாலைந்து. காலையில் எடிட் முடித்து இரவு ஒளிபரப்புக்கு ஓடுகிற தொடர்களும் உண்டு. செய்தி வந்ததும் இணை இயக்குநரும் எடிட்டரும் உட்கார்ந்து பட்டியல் போடுவார்கள்: அவர் நடித்து முடித்த சீன் எவை, டப்பிங் பேசியவை எவை, பேசாதவை எவை.

இந்த மூன்றாவதுதான் தொண்டையில் சிக்கும் முள். வாய் அசைகிறது, குரல் இல்லை. படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவான ஒலி இருக்குமே என்பீர்கள். இருக்கும். ஆனால் நம் தொடர்களில் பெரும்பாலும் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைச் சத்தமாகப் படிப்பார், நடிப்பவர் அதை வாங்கித் திருப்பிச் சொல்வார். இதற்குப் பிராம்ப்டிங் என்று பேர். அதனால் தளத்து ஒலியில் இருவர் குரலும் கலந்துதான் கிடக்கும். ஆகவே குரல் ஒத்துப்போகும் டப்பிங் கலைஞரைத் தேடுவார்கள், அல்லது அந்த வசனத்தை வெட்டிவிட்டு இசையைப் போட்டு முகத்தை மட்டும் காட்டுவார்கள். ஒரு பாத்திரம் திடீரென்று மௌனச்சாமியார் ஆகிவிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அடுத்து, பாத்திரத்தை 'ஊருக்கு அனுப்புவது'. அம்மா வீடு, கோயில், வேண்டுதல், எதுவாவது. மற்றவர்கள் போனில் அவளோடு பேசுவதாகக் காட்டி இரண்டு மூன்று வாரம் ஓட்டலாம். அதற்குள் லுக் டெஸ்ட் நடக்கும். மூன்று நான்கு பேரை வரவழைத்து, பழைய பாத்திரத்தின் அதே மாதிரிப் புடவை, பொட்டு, நகையில் ஒரே சீனை நடிக்க வைப்பார்கள். ஜோடியாக நடிப்பவர் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பார்கள். கடைசி வார்த்தை சேனலுடையது. பிறகுதான் திரையின் அடியில் 'இனி இவருக்குப் பதில் இவர்' வரும். முல்லைக்குக் காவ்யா அறிவுமணி வந்தார், அவருக்குப் பின் லாவண்யா.

மாற்றத்தில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. புதியவரைப் பழையவர் மாதிரியே தலையைச் சாய்க்க, பேச, சிரிக்கச் சொல்வார்கள். பார்ப்பவர் மனதில் ஒப்பீடு கூடுமே தவிரக் குறையாது. 'எதிர்நீச்ச'லில் மாரிமுத்துவுக்குப் பின் ஆதி குணசேகரனாக வந்தவர் உங்கள் மாவட்டத்துப் பெருநாழிக்காரர், எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. அவர் நடை வேறு, குரலின் கனம் வேறு. அதை மாற்றாமல் விட்டதுதான் சரி என்பது நம் எண்ணம்.

மாரிமுத்து இயக்குநராக இருந்தபோது அவரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஒரே ஒரு சீரியல், வீட்டுக்கு வீடு பேர். சினிமாவால் முடியாதது இதில் எப்படி முடிந்தது?
வாசகர், சாயல்குடி

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். சினிமாவில் ஒரு குணச்சித்திர நடிகர் திரையில் நிற்பது பத்துப் பதினைந்து நிமிடம். படம் இரண்டு வாரம் ஓடினால் பெரிது. 'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரியில் சன் டி.வி.யில் தொடங்கியது. மாரிமுத்து இறந்தது 2023 செப்டம்பர் 8. சுமார் 80 வாரம். நாளுக்கு ஐந்து நிமிடம், வாரம் ஆறு நாள் என்று குறைத்தே வைத்தாலும் 40 மணி நேரம் அவர் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். சொந்தக்காரர்களில் எத்தனை பேர் அவ்வளவு நேரம் வந்து உட்காருகிறார்கள்?

தேனி மாவட்டத்திலிருந்து வந்து, உதவி இயக்குநராக வருடக்கணக்கில் இருந்து, 2008இலும் 2014இலும் இரண்டு படம் இயக்கி, போலீஸ்காரராகவும் அப்பாவாகவும் சின்னச் சின்ன வேடம் செய்தவர். குணசேகரனுக்கு அவர் கொண்டுவந்தது ஊர்ப் பெரிய மனிதரின் பேச்சு மொழி. 'ஏய், இந்தாம்மா' எழுதிக் கொடுத்தால் வெறும் இரண்டு சொல். அதை எந்த மூச்சில், எவ்வளவு அலட்சியத்தோடு சொல்வது என்பது நடிப்பவர் கையில் இருக்கிறது. சின்னத்திரையில் அவர் காலம் 19 மாதம்தான்.

டப்பிங் பேசிக்கொண்டிருந்த காலையில்தான் அவருக்கு மாரடைப்பு வந்தது. இதையொட்டி ஒன்று. நெஞ்சை யாரோ அமுக்குவது போல இருந்தாலோ, இடது கை, தாடை, முதுகு என்று வலி பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, 'வாயுவாக இருக்கும்' என்று சோடா வாங்கிக் குடிக்காதீர்கள். வேலையை அப்படியே நிறுத்தி உட்காருங்கள். 108ஐக் கூப்பிடுங்கள், தனியாக இருந்தால் யாரையாவது பக்கத்தில் அழையுங்கள். தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. வழியில் இதயத் துடிப்பு தடுமாறினால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆள் இருக்காது.

என் தம்பிக்கு வயசு 22, பாலிடெக்னிக் முடித்துவிட்டான். சென்னைக்குப் போய் சீரியலில் சேருவேன் என்று நிற்கிறான். எங்கே ஆரம்பிப்பது? ஆடிஷனில் என்ன கேட்பார்கள்?
வாசகர், தங்கச்சிமடம்

முதலில் ரயிலேற வேண்டாம். படமும் வீடியோவும் தங்கச்சிமடத்திலேயே எடுக்கலாம்.

ஐந்து படம் போதும். முகம் நேராக, இடப்பக்கம், வலப்பக்கம், இடுப்பு வரை, தலை முதல் கால் வரை. வெள்ளைச் சுவர் அல்லது வெளிர் நிறச் சுவர். காலை எட்டு மணி வெளிச்சம் ஜன்னலில் விழும்போது எடுங்கள். ஒரே நிறச் சட்டை. கூலிங்கிளாஸ், பைக், பாம்பன் பாலம் எதுவும் வேண்டாம். முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். படத்தில் ஒரு நிறம், நேரில் ஒரு நிறம் என்றால் ஆடிஷன் அறைக்குள் நுழைந்த பத்தாவது விநாடியே ஆட்டம் முடிந்தது. கடல் வெயிலில் கறுத்த முகத்துக்கு வேடம் இல்லை என்று யார் சொன்னது? பொய்ப் படத்துக்குத்தான் இல்லை.

அறிமுக வீடியோ 45 விநாடி. போனைப் படுக்கைவாக்கில் வைத்து, கண் மட்டத்தில் நிறுத்தி, பேர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழி, நீச்சல், வண்டி ஓட்டுதல் போன்ற திறமை. கடலோரப் பையன்கள் நீச்சலைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அது எல்லோரிடமும் இல்லாத சரக்கு. தனியாக ஒரு நிமிட நடிப்பு வீடியோ ஒன்று. அதில் கத்தல், அழுகை வேண்டாம். பரீட்சையில் தோற்றதை அப்பாவிடம் சொல்ல வந்து, சொல்லாமலே திரும்பிப் போகிற ஒருவனை நடித்து அனுப்பச் சொல்லுங்கள். சத்தத்தை எல்லோரும் அனுப்புகிறார்கள்.

ஆடிஷனில் கையில் ஒரு சீன் பேப்பர் கொடுத்துப் பத்து நிமிடம் விடுவார்கள். மனப்பாடம் செய்யத் தெரிந்தவன் அங்கே தப்பித்துவிடுவான். தளத்தில் சிக்கல் வேறு மாதிரி. மேலே சொன்ன பிராம்ப்டிங்கில் வசனம் வந்த பிறகு சொல்ல வேண்டும், ஆனால் முகம் அது வருவதற்கு முன்பே மாறியிருக்க வேண்டும். பழக்கமில்லாதவருக்குக் கண் வலப்பக்கம் ஓடும், காது வசனத்துக்காக நீளும், முகம் காலியாக நிற்கும். வீட்டிலேயே பழகலாம். நீங்கள் பேப்பரைப் பார்த்து ஒரு வரி படியுங்கள், தம்பி சுவரில் ஒட்டிய பொட்டைப் பார்த்துச் சொல்லட்டும். நான்கைந்து சொல்லில் தொடங்கி, ஒரே மூச்சில் பன்னிரண்டு சொல் வரை. ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம். நடுவில் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்துப் பாருங்கள்; தடுமாறாமல் தாண்டுகிறானா என்பதுதான் பரீட்சை.

சென்னைக்குப் போகும்போது ஆறு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கையில் இருக்கட்டும். சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம் பக்கம் நான்கு பேர் சேர்ந்து அறை எடுப்பது வழக்கம். தொடருக்குத் தொடர் நடிகர்களை ஏற்பாடு செய்கிற கோ-ஆர்டினேட்டர்கள் அந்தப் பகுதியில்தான் சுற்றுவார்கள். கூட்டத்தில் நிற்கும் வேலை உடனே கிடைக்கும், சாப்பாடும் கிடைக்கும். ஆனால் ஒரே தொடரில் கூட்டத்தில் முகம் பதிந்தவரைப் பிறகு அதே தொடரில் பாத்திரமாகப் போட முடியாது. அந்த வேலையை ஒத்துக்கொண்டால் முகம் தெரியாத தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

சம்பளம் எவ்வளவு, எப்போது வரும்?
வாசகர், உச்சிப்புளி

நாள் கணக்கு. மாதச் சம்பளம் என்று நினைத்து வாகனக் கடன் வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. உதாரணத்துக்கு நாளுக்கு 3,000 ரூபாய், மாதம் 12 நாள் கால்ஷீட் என்று வைத்துக்கொள்வோம். 36,000. வருமான வரிப் பிடித்தம் 10 சதவீதம், 3,600. கோ-ஆர்டினேட்டருக்கு 10 சதவீதம் பேசியிருந்தால் இன்னொரு 3,600. கையில் 28,800. இதில் சொந்தத் துணி, தையல் கூலி, அறை வாடகை, ஆட்டோ. அந்தப் பணமும் வேலை செய்த மாதமே வராது. இரண்டு மூன்று மாதம் தள்ளி வருவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

துணி விஷயம் வெளியே தெரியாது. ஒரு பஞ்சாயத்துச் சீனைத் திங்கள்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடிப்பார்கள். கதையில் அது ஒரே பொழுது. நான்கு நாளும் அதே சட்டை, அதே மடிப்பு, அதே பொத்தான். சட்டையைத் துவைத்தால் நிறம் மாறிக் கன்டினியூட்டி உடையும், துவைக்காவிட்டால் வியர்வைக் கறை தெரியும். அதனால் அனுபவசாலிகள் ஒரே துணியில் இரண்டு சட்டை தைத்துவிடுவார்கள். நெற்றி விபூதி எத்தனை கோடு, கைக்கட்டு எந்தக் கையில் என்பதற்கெல்லாம் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, தளத்துக்குள் வந்த நேரம், முடிந்த நேரம், எடுத்த சீன். அன்றன்றே தயாரிப்பு நிர்வாகியின் வாட்ஸ்அப்புக்கு ஒரு வரி அனுப்புங்கள்: 'இன்று 9 முதல் 9, முழு நாள்.' மூன்று மாதம் கழித்து '12 நாளா, 10தானே' என்ற பேச்சு வரும்போது அந்த வரிதான் சாட்சி. பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். சினிமாக் கலைஞர் என்ற வகையில் வருமானத்தில் பாதியைச் செலவாகக் கணக்குக் காட்டி ரிட்டர்ன் போட முடியுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். வருமானம் குறைவாக இருந்தால் பிடித்தது திரும்பி வரும். ரிட்டர்ன் போடாமலே அந்தப் பணத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தை நிறுத்திப் படியுங்கள். வேறு சேனலில் நடிக்கத் தடை எத்தனை மாதம்? நீங்கள் விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு? அவர்கள் உங்களை விலக்க எத்தனை நாள்? முதல் இரண்டும் எண்ணில் எழுதியிருக்கும். மூன்றாவது பெரும்பாலும் 'எப்போது வேண்டுமானாலும்' என்று இருக்கும்.

நன்றாக ஓடும் பாத்திரத்தைத் திடீரென்று லாரியில் அடித்துக் கொன்றுவிடுகிறார்களே?
வாசகி, தொண்டி

வியாழக்கிழமை வரும் எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்கும் முடிவு அது. பார்க் என்ற அமைப்பு தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைத்து, சனி முதல் வெள்ளி வரை யார் எதைப் பார்த்தார்கள் என்று கணக்கெடுத்து அடுத்த வியாழன் தருகிறது. உங்களுக்கு நன்றாக ஓடுவதாகத் தோன்றிய பாத்திரம் வரும் நிமிடங்களில் மக்கள் சேனல் மாற்றியிருக்கலாம். அல்லது நடிகர் சம்பளம் உயர்த்தக் கேட்டிருக்கலாம். லாரி இரண்டுக்கும் பொது.

பாம்பனில் எங்கள் வீட்டுக் குழந்தைக்கு எட்டு வயது. சீரியலில் தங்கை வேடத்துக்குக் கேட்கிறார்கள். படிப்பு கெடுமா? சட்டம் ஏதாவது உண்டா?
ஒரு தாய், பாம்பன்

உண்டு. நன்றாகவே எழுதிய சட்டம். கேட்டு வாங்குகிற பெற்றோர்தான் குறைவு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகள்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை நடிக்கவைக்க, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். நீங்கள் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்கு அலைய வேண்டியதில்லை. தளம் பூந்தமல்லிப் பக்கம் என்றால் திருவள்ளூர் மாவட்டம். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். 'அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்மா' என்று மட்டும் பதில் வந்தால் இன்னும் வாங்கவில்லை என்று பொருள்.

நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் தொடரக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. அதிகபட்சம் ஐந்து குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பேரிலேயே தேசியமயமான வங்கியில் வைப்புநிதியாகப் போக வேண்டும். அதற்கு முதலில் குழந்தை பேரில் கணக்கு வேண்டும், ஆதாரோடு இப்போதே தொடங்கிவிடுங்கள்.

ஐந்து மணி நேரம் என்பது எங்கே மீறப்படும் தெரியுமா? மேக்கப் போட்டு உட்காரவைத்துவிட்டு, பெரியவர்கள் சீனை முதலில் எடுப்பார்கள். குழந்தை காத்திருந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தளத்துக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து எண்ணுங்கள். அழும் சீன் என்றால் குழந்தையைத் திட்டியோ பயமுறுத்தியோ அழவைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கண்ணுக்குக் கீழே கிளிசரின் தடவினாலே நீர் வரும். கண்ணுக்குள் படாமல் தடவ வேண்டும், பட்டால் எரியும்.

படிப்பைப் பொறுத்தவரை, பாம்பனிலிருந்து மாதம் பத்து நாள் சென்னைக்கு இரவு ரயிலில் போய்வருவது எட்டு வயதுக்கு ஆகாது. கோடை விடுமுறைக்குள் முடிகிற வேடமாக இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

ஆடிஷனில் தேர்வாகிவிட்டதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் 5,000 கேட்கிறார்கள். கட்டலாமா?
வாசகி, ஏர்வாடி

கூடாது. வேலை கொடுப்பவர் வேலைக்கு வருபவரிடம் பணம் வாங்குவதில்லை. கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிவிடும். வீடியோ காலில் 'லுக் டெஸ்ட்' என்று உடை மாற்றச் சொன்னால் அந்த நொடியே துண்டித்துவிட்டு, எண்ணையும் அரட்டையையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

தனுஷ்கோடியில் ஒரு சீரியல் யூனிட் வந்திறங்கி, மத்தியானத்துக்குள் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டது. கடற்கரைக் கதை என்று சொல்லிவிட்டு ஏன் எல்லாவற்றையும் சென்னை ஈ.சி.ஆரில் எடுக்கிறார்கள்?
ஆட்டோ ஓட்டும் வாசகர், ராமேஸ்வரம்

ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு, அதாவது விளம்பரம் போக 20 நிமிடத்துச் சொச்சம், ஐந்தாறு சீன் முடிந்தால்தான் தயாரிப்பாளருக்குக் கட்டும். தனுஷ்கோடியில் அது நடக்காது.

காரணத்தை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். ஆனி, ஆடியில் அடிக்கிற கச்சான் காற்றில் சட்டையில் குத்திய சின்ன மைக் வெறும் இரைச்சலைத்தான் பிடிக்கும். மைக்குக்கு நாய்க்குட்டி ரோமம் மாதிரி உறை போட்டாலும், கதாநாயகியின் முந்தானையே மைக்கில் படபடவென்று அடித்தால் என்ன செய்வது? வெளிச்சத்தைத் திருப்பப் பிடிக்கும் தெர்மோகோல் அட்டை கையைவிட்டுப் பறக்கும். லைட் ஸ்டாண்டுக்கு மூன்று காலிலும் மணல் மூட்டை கட்ட வேண்டும். ஜெனரேட்டர் வண்டி தார் ரோட்டைவிட்டு இறங்கினால் சக்கரம் புதையும், அதனால் ரோட்டோரத்திலிருந்து கேபிள் இழுத்து முடிகிற தூரம்தான் படப்பிடிப்புத் தளம். ஏ.சி. காரிலிருந்து எடுத்த லென்ஸ் வெளிக்காற்று பட்டதும் பனிப்படலமாகும், அது தெளியக் கால் மணி நேரம். உப்புத் தூசி படிந்த லென்ஸை அவசரத்தில் வேட்டி நுனியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டுத்தான் துணி படவேண்டும். எல்லாம் சரியாகும்போது மணி பதினொன்று. உச்சி வெயில் மணலில் பட்டு முகத்துக்குக் கீழிருந்து அடிக்கும், யாராலும் கண்ணைத் திறக்க முடியாது. சாயங்காலம் நல்ல வெளிச்சம் வரும் நேரத்தில் போலீஸ் கிளம்பச் சொல்லும்.

அனுமதி இன்னொரு கதை. மன்னார் வளைகுடாவின் 21 தீவும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் தீவில் கால் வைக்க முடியாது. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமான தளம் இருப்பதால் சுற்றிலும் 3 கிலோமீட்டருக்கு ட்ரோன் கூடாது. படகு வேண்டுமென்றால் விசைப்படகு போகாத நாளில் கேட்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகு சும்மா நிற்குமே என்று வருகிறார்கள். வந்து பார்த்தால் பாதிப் படகு கரையேறி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்துக் கிடக்கும். ஏற்பாடு தெரிந்த யூனிட் மாசி, பங்குனியில் வரும். காலை ஆறு முதல் ஒன்பதரை வரை எடுக்கும். வசனமில்லாத நடை, அலை, படகு ஷாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பேச்சையெல்லாம் சென்னையில் வைத்துக்கொள்ளும்.

என் மகள் ஒரு தொடரில் வில்லியாக நடிக்கிறாள். ராத்திரி பத்து மணிக்கு அறைக்கு வந்து, போனில் தன்னைத் திட்டி எழுதியதை எல்லாம் ஒரு மணி வரை படிக்கிறாள். காலை ஐந்தரைக்குத் திரும்ப வண்டி வந்துவிடுகிறது. பேச்சே குறைந்துவிட்டது. பயமாக இருக்கிறது.
ஒரு தாய், மண்டபம்

முதலில் தூக்கத்தைப் பாருங்கள், பிறகு மற்றது. பேக்-அப் ஆகி, அதாவது அன்றைய படப்பிடிப்பு முடிந்து, அறைக்கு வந்தது பத்து மணி, வண்டி ஐந்தரை என்றால், உடனே படுத்தாலும் ஏழு மணி நேரம்தான். ஒரு மணி வரை போன் பார்த்தால் நான்கு மணி நேரம். இப்படி இரண்டு வாரம் போனால் யாருக்கும் பேச்சு குறையும். இரவு முடிந்த நேரத்துக்கும் மறுநாள் கால்ஷீட்டுக்கும் இடையில் குறைந்தது பத்து மணி நேரம் வேண்டும் என்று தயாரிப்பு நிர்வாகியிடம் கேட்கச் சொல்லுங்கள். காலை முதல் சீனில் தன்னை வைக்க வேண்டாம் என்று இணை இயக்குநரிடம் சொன்னால் சீன் வரிசையை மாற்றுவது அவருக்குப் பெரிய வேலை இல்லை.

சமூக வலைத்தளக் கணக்கை அவள் கையிலிருந்து எடுத்து, தங்கையோ தோழியோ பார்த்துக்கொள்ளட்டும். 'வில்லி வேடத்துக்குத் திட்டு வாங்கினால் நடிப்புக்குப் பாராட்டு' என்று யூனிட்டில் ஆறுதல் சொல்வார்கள். பகலில் கேட்க நன்றாக இருக்கும். நள்ளிரவில் தனி அறையில் படிக்கிறவளுக்கு அது உதவாது.

பேச்சு குறைந்ததோடு சாப்பாடும் குறைந்து, 'எதுக்கும்மா இதெல்லாம்' என்ற மாதிரிச் சொற்கள் வந்தால், அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்காமல் நீங்கள் சென்னைக்குப் போங்கள். செத்துவிடலாம் போல இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, வாய்விட்டுச் சொல்ல வழி கிடைக்கும். மனநல ஆலோசனைக்கு 14416, அல்லது 104. இரண்டும் இலவசம், எந்நேரமும், தமிழில் பேசலாம். நீங்களும் கூப்பிட்டுக் கேட்கலாம். தொடரிலிருந்து விலக வேண்டியிருந்தால் ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்பு நாளைப் பார்த்து, மருத்துவர் கடிதத்தோடு எழுத்தில் கொடுங்கள். அவர்களுக்கு ஆள் மாற்றுவது எப்படி என்று தெரியும். மேலே கீழக்கரை வாசகருக்கு எழுதியதைப் படித்திருப்பீர்கள், மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

எங்கள் ஊர்க் கதை என்று சொல்லிவிட்டு எல்லோரும் ஏன் மதுரைப் பேச்சு பேசுகிறார்கள்?
வாசகர், மூக்கையூர்

எழுதுகிறவர் ஒருவர், படித்துச் சொல்லும் உதவி இயக்குநர் இன்னொருவர், நடிப்பவர் வேறொருவர், நடிக்கிற பெண்ணுக்கு டப்பிங் பேசுகிறவர் நான்காமவர். இந்த நான்கு பேரில் கடற்கரைக்காரர் யாருமில்லை. 'தெற்கத்திப் பேச்சு' என்று சொன்னால் நால்வருக்கும் தெரிந்தது மதுரை. 'தொழிலுக்குப் போயிருக்காரு' என்று நீங்கள் சொல்வதை 'மீன் பிடிக்கப் போயிருக்காருலே' என்று எழுதி, 'லே' எந்த மாவட்டம் என்றுகூடப் பார்க்காமல் விடுவார்கள். கலைத்துறை தன் பங்குக்குக் கூடத்துச் சுவரில் வலையைத் தோரணமாகத் தொங்கவிடும். பிழைப்பு நடக்கிற வலையை யார் வீட்டுக்குள் மாட்டுகிறார்கள்?

தங்கச்சிமடத்துத் தம்பிக்கு இன்னொரு வேலை. அறிமுக வீடியோவில் 'தெரிந்த மொழி' என்று சொல்லும் இடத்தில், கடற்கரைப் பேச்சு தெரியும் என்பதையும் சேர்த்து, அதிலேயே நான்கு வரி பேசி அனுப்பச் சொல்லுங்கள். வசனம் சொல்லிக் கொடுக்கவும் சில யூனிட்டுகள் ஆள் தேடுகின்றன.